வயதுக் கோடு

தங்கப்பழம் சொன்னதை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. மேசையில் உட்கார்ந்திருக்கும்போது நம்பாமல் இருந்தேன், பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து ஏதாவது ஓர் ஊரின் சுவர்களைக் கடக்கும்போது நம்பினேன், இறங்கியதும் மறுபடி சந்தேகப்பட்டேன். மதுரையில் ஓர் அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறேன். அவர் அங்கே பக்கம் அமைப்பவராக வந்து சேர்ந்தவர். பொய் சொல்கிறவன் தனக்கு ஏதாவது ஆதாயம் வைத்துக்கொண்டுதான் சொல்வான், அவருக்கு இதில் ஒன்றுமில்லை. அதோடு, எத்தனை முறை சொன்னாலும் ஒரே இடத்தில் அவர் குரல் இறங்கியது, ஒரே இடத்தைத் தாண்டிப் போனார். அந்த இடம்தான் என்னை விடவில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

வெள்ளூரணி கரிசல் காட்டுக்கு நடுவே, மழை பெய்தால் செருப்பை விழுங்கும் மண்ணும் பெய்யாவிட்டால் கால் நுழையும் வெடிப்புமாக, தீப்பெட்டி ஆபீசுகளை நம்பிப் பிழைக்கிற ஊர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் டிடிபி கடைகள் வரிசையாக இருந்தன. காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, காணவில்லை என்று ஊருக்கு நடக்கிற நல்லதும் கெட்டதும் அந்தச் சந்தில் எழுத்தாகிப் படமாகி, சிவகாசிக்குப் போய் அச்சாகிச் சுவருக்கு வந்தன. தங்கப்பழத்தின் கடை நடுவில் இருந்தது. அவருடைய கணினி பல ஊர்களில் வாங்கிய பாகங்களைக் கோத்துச் செய்தது. அதன் நெற்றியில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் அடுத்த ஆயுத பூசை வரை காய்ந்து ஒட்டியிருக்கும். வண்டிமாட்டோடு பேசுவதைப்போல அவர் அதோடு பேசுவார். சாயங்காலம் அணைக்கும்போது அன்றைக்கு அதனால் பட்ட கஷ்டத்தைச் சொல்லித் திட்டிவிட்டுத்தான் அணைப்பார்.

ஒரு நாள், பாதி செய்த திருமண அழைப்பிதழ் மின்சாரம் போனதால் அழிந்துபோக, "போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டுக் கடையைச் சாத்தினார். மறுநாள் காலை திரையின் கீழ் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், இன்னொரு மணி இருந்தது. அந்த நேரத்துக்கு மின்சாரம் போனது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அதற்கு மறுநாளிலிருந்து டீக்கடை இசக்கி காலையில் கடைவாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

"என்ன வே தங்கப்பழம், இன்னைக்கு எப்பப் போவுதாம்?"

"பதினொன்னேகாலுக்குண்ணாச்சி."

"வாறது?"

"வாறதச் சொல்லாது. நான் போறதத்தான கேட்டேன்."

"கேக்கதுதான் கேட்டீரு, முழுசாக் கேட்டிருக்கக் கூடாதா வே."

இசக்கியிடமிருந்து மாவு மில்லுக்கும், மாவு மில்லிலிருந்து தையல் கடைகளுக்கும், அங்கிருந்து வீடுகளுக்கும் செய்தி போனது. பெண்கள் அதற்கு முன்னால் மாவாட்டினார்கள், மோட்டார் போட்டார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். ஊர் அதைப் பழகிக்கொண்டது. அடுத்து, வேறு கடையில் செய்த கோப்பைத் திறந்தால் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிவதைச் சொல்லித் திட்டினார். மறுநாள் எந்த எழுத்துருவில் செய்ததானாலும் தமிழாகவே திறந்தது. மருத்துவர் சீட்டைப் படமெடுத்துப் போட்டால் அதையும் படித்துக் கொடுத்ததால், மருந்துக்கடைப் பையன்கள் சீட்டோடு வந்து நின்றார்கள். வலது பொத்தானை அமுக்கினால் விழும் பட்டியல் ஒவ்வொரு வாரமும் ஒரு வரி நீண்டு, திரைக்குக் கீழே இறங்கிப் போயிற்று.

"எனக்கு ஒரு மாப்பிள்ள கேளுங்கண்ணே ஒங்க மிசின்ட்ட" என்றாள் அடுத்த கடை கிரேஸ்.

"அதுக்கு மதுரையில போயி பார்ட்ஸ் வாங்கணும் தாயி."

சீனியம்மாள் வைகாசியில் வருகிறவள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை; விரல்நுனிகளில் மருந்தின் சிவப்பு எப்போதும் இருக்கும். கணவர் கிணற்று வெட்டில் பாறை விழுந்து இறந்துவிட்டார். ஒரே மகள் செண்பகம். ஒரு வைகாசித் திங்கட்கிழமை பேருந்து நிலையத்தில் மகளைப் பையோடு நிறுத்திவிட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பை இருந்தது. செண்பகத்துக்கு அப்போது ஒன்பது வயது. காவல் நிலையமும் குறி சொல்லும் கோடாங்கியும் கைவிட்ட பிறகு, வருடாவருடம் அதே வைகாசியில் காணவில்லை சுவரொட்டி அடித்து, அக்கம்பக்கத்து ஊர்களில் தானே பசை வாளியோடு போய் ஒட்டினாள். தொடர்புக்குத் தங்கப்பழத்தின் கடைத் தொலைபேசி எண். படம் பள்ளிக்கூடத்தில் எடுத்தது, இரட்டைச் சடையும் ரிப்பனும். தங்கப்பழம் போன வருடத்துக் கோப்பைத் திறந்து, வருடத்தை மாற்றி, அதன் மேலேயே சேமித்து அனுப்புவார். சந்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். புதுப் பெயரில் சேமித்தால் இடம் அடைக்கும் என்பது அவர்களுக்குள் ஒரு பழக்கம்; ஒருவருக்குச் செய்த அஞ்சலியின் மேலேதான் அடுத்தவருக்கு அஞ்சலி எழுதுவார்கள்.

ஒரு வருடம் கிரேஸ் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, இந்தப் பிள்ளைக்கு இப்பம் பதிமூணு வயசிருக்கும். இந்தப் போட்டாவ வச்சு யாரு கண்டுபிடிக்க?"

அன்று சாயங்காலம் அவர் கணினியைத் திட்டவில்லை. "இந்தப் பிள்ள இப்ப எப்படி இருக்கும்னு காட்ட முடியுமா, பாரேன்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் பட்டியலின் அடியில் வயது என்று ஒரு சொல் வந்திருந்தது. அதை அமுக்கினால் படத்துக்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் இடதுமுனையில் ஒரு குமிழ். குமிழை இழுக்க இழுக்க முகம் வளர்ந்தது. ரிப்பன் போயிற்று, கன்னத்து உப்பல் இறங்கிற்று, தாடை நீண்டது. இன்றைய தேதிக்கு வந்ததும் குமிழ் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. ஆளனுப்பிச் சீனியம்மாளை வரவழைத்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள்.

"இது யாரு தம்பி?"

"நல்லாப் பாருங்கக்கா."

வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரையில் புருவத்துக்கு மேல் விரலை வைத்தாள். "நெத்தியில என்ன தழும்பு? நான் இவள அடிச்சதே இல்லையே."

அந்த வைகாசித் திங்கட்கிழமை அதன் பிறகு ஊருக்கு ஒரு நாளாயிற்று. தீப்பெட்டி ஆபீசில் அன்றைக்கு அரை நாள் விட்டார்கள். பெண்கள் பூ வாங்கி வந்து சீனியம்மாளுக்கு வைத்துவிட்டு, கடைக்குள் இடமில்லாமல் சந்தில் நின்று, ஒருத்தி பார்த்து மற்றவளுக்குச் சொல்லச் சொல்ல, செண்பகத்தின் புதிய முகத்தைப் படித்தார்கள். தங்கப்பழம் அந்த முகங்களை ஒன்று விடாமல் எனக்குச் சொல்லியிருக்கிறார். தழும்பு வந்த வருடம். கன்னம் ஒட்டிப்போன வருடம்; அந்த வருடம் ஊரில் பெண்கள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்தார்கள். வெயிலில் கறுத்துப்போயிருந்த வருடம். செங்கல் சூளையாக இருக்கும் என்று இசக்கி சொல்ல, சூளைகள் உள்ள ஊர்களுக்கெல்லாம் சுவரொட்டி போயிற்று. மூக்குத்தி வந்த வருடம்.

"எவனோ மூக்குத்தி போட்டு விட்டிருக்கான்" என்றாள் சீனியம்மாள்.

"போட்டு விடுதவன் சோறும் போடுவாம்லாக்கா" என்றாள் கிரேஸ்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு அழைப்புகள் வந்தன. ஓசூர்ப் பக்கம் மூக்குத்தி போட்ட ஒரு பெண், தழும்புகூட இருக்கிறது, பேருந்தில் பார்த்தேன் என்று ஒருவர். சீனியம்மாள் போவாள், போனபோது அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், ஆனால் இருந்தாள் என்று சொல்ல ஒருவர் இருப்பார். அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து அடுத்த வைகாசி வரை குச்சி அடுக்குவாள்.

ஊர் அந்தக் கோட்டையும் தன் காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. பள்ளிப் படத்தைக் கொடுத்து இன்றைய படம் வாங்கிப் போனார்கள். குடும்ப அட்டைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் யாரும் புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டுடியோக்காரர் வந்து என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீரே என்று திட்டிவிட்டு, போகிறபோது தன் கல்யாணப் படத்தை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். அஞ்சலிக்கு வரும் படங்களில் மட்டும் குமிழ் இன்றைக்கு வராது. செத்த நாளில் நின்றுவிடும். சீனியம்மாளின் கணவருக்குத் திவசப் படம் செய்தபோது அப்படித்தான் நின்றது, அவளும் பக்கத்தில் இருந்தாள். அதையும் யாரும் பேசவில்லை. பேருந்து டெப்போவில் நிற்கிறது, அதற்கென்ன பேச்சு.

பிறகு ஒரு வருடம், வைகாசித் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், மதியம், தங்கப்பழம் கடையில் தனியாக இருந்தார். மலிவு மையில் முகம் கறுத்துவிடும் என்பதால் முந்தின நாளே இழுத்து வைத்து வெளிச்சம் கூட்டிக்கொள்வது அவர் வழக்கம். குமிழ் போன வருடத்தைத் தாண்டியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. மவுஸைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் உருண்டையை எடுத்து, சுற்றியிருந்த நூலையும் அழுக்கையும் நகத்தால் சுரண்டி, பனியனில் துடைத்துப் போட்டு மறுபடி இழுத்தார். அதே இடத்தில் நின்றது. இசக்கியின் படத்தைப் போட்டு இழுத்தார். தடங்கலில்லாமல் இன்றைக்கு வந்தது. மறுபடி செண்பகத்தைப் போட்டார். நின்றது. கோட்டில் இன்னும் மிச்சம் இருந்தது. திரையில் அவள் முகம் இருந்தது.

இந்த இடத்தில்தான் அவர் நிறுத்துவார். தண்ணீர் குடிப்பார். பிறகு, "அப்புறம் சாயங்காலம்" என்று தொடங்குவார்.

அப்புறம் சாயங்காலம், கணினியை அணைக்கும்போது, அவர் கேட்டார். பொய் சொல் என்று கேட்கவில்லை என்பதை அவர் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொன்னார். "நிக்காமப் போகட்டும்" என்றுதான் கேட்டாராம். ஊரெல்லாம் பூ வாங்கி வைத்திருந்தது. அவளிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லாமல் ஒரு வருடம் தள்ளினால் போதும் என்று நினைத்தார்.

காலையில் குமிழ் இன்றைக்கு வந்தது. போன வருடத்துச் சுவரொட்டியைத் திறந்து, முகத்தை மாற்றி, அதன் மேலேயே சேமித்தார். நின்ற இடத்து முகம் எதிலும் சேமிக்கப்படவில்லை. அன்றைக்குச் சந்து நிறைந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது, தழும்பு மங்கியிருந்தது, கன்னம் நிறைந்திருந்தது. "நல்லா இருக்கா" என்று ஒருத்தி சொல்ல, நல்லா இருக்கா நல்லா இருக்கா என்று சந்தின் முனை வரை போயிற்று. சீனியம்மாள் மட்டும் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. கண்ணு அசையாத மாதிரி இருக்கு."

"போட்டா தானக்கா."

"போன வருசமும் போட்டாதான்."

அந்த வருடம் அழைப்பு வரவில்லை. வேலை முடிந்து போகிறபோது வாசலில் நின்று "போன் வந்துச்சா தம்பி?" என்பாள். "இன்னும் இல்லக்கா" என்பார். அடுத்த வைகாசியிலும் முகம் தெளிவாக இருந்தது, அதன் பிறகும் அழைப்பு வரவில்லை. ஐப்பசியில், மழை இருட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், சீனியம்மாள் தன் கணவரின் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இவர ஒருக்க இழுத்துப் பாரு தம்பி."

"இவருக்குத்தான் ஏற்கெனவே பாத்தமேக்கா."

"இப்பம் பாரு."

தங்கப்பழம் குமிழை இழுத்தார். அது அவள் கணவர் செத்த நாளுக்கு வந்தது. நிற்கவில்லை. தலைமுடி நரைத்தது, கழுத்துச் சதை தளர்ந்தது, மூக்கின் மேல் ஒரு கண்ணாடி வந்து உட்கார்ந்தது. தன் கையால் வாய்க்கரிசி போட்டு அனுப்பிய மனிதரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நரைச்சிருச்சே" என்றாள். பிறகு, "கண்ணாடி வேற. எழுத்துத் தெரியாத மனுசன், எதப் படிக்க?"

அவர் காத்திருந்தார். அவள் இப்போது கேட்பாள், கேட்டால் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தார். அவள் படத்திலிருந்து திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். வைகாசியில் திரையைப் படிப்பதுபோலப் படித்தாள்.

"அப்ப இவருக்கும் ஒரு போஸ்டர் அடிச்சிரு" என்றாள்.

"என்னன்னுக்கா போட?"

"காணவில்லைன்னு போடு."

அவள் தெரிந்துகொண்டு சொன்னாளா, தெரிந்துகொள்ளாமல் இருக்க முடிவுசெய்து சொன்னாளா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எப்படி யோசித்தாலும் சுவரொட்டி ஒட்டப்பட்டுவிட்டது. மகளுக்குப் பக்கத்தில் கணவரை ஒட்டினாள். ஊர் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் போனது. பிறகு ஒருவர் தன் அண்ணன் படத்தோடு வந்தார், குமிழ் இன்றைக்கு வந்தது. ஒருத்தி பிரசவத்தில் போன தங்கையின் படத்தோடு வந்தாள், வந்தது. முன்பு நின்ற கோடு இப்போது ஏன் நிற்கவில்லை என்று அவர்கள் கேட்காமல் இல்லை; மிசின் இப்போதுதான் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது, முன்னால் சொன்னதுதான் தப்பு என்று தங்களுக்குள் தீர்த்துக்கொண்டார்கள்.

"நாமதான் அவசரப்பட்டுட்டமோ வே" என்றார் இசக்கி. அவர் மனைவியை எரித்து நாளாகியிருந்தது. "மூச்சு இருந்துச்சோ என்னமோ. யாரு சரியாப் பாத்தா?"

தங்கப்பழத்துக்கு வாய் திறக்க வழியில்லை. கோடு ஏன் நிற்கவில்லை என்று சொன்னால், முதலில் எங்கே நின்றது என்று சொல்லவேண்டும். அவர் சுவரொட்டிகளைச் செய்து கொடுத்தார். காணாமல் போன அன்று புதுவேட்டி அணிந்திருந்தார், காணாமல் போன அன்று கழுத்தில் மாலை அணிந்திருந்தார், நிறம் மாநிறம், பேசமாட்டார் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அந்த ஊரில் நின்றது. பதினாறாம் நாள் நின்றது, திவசம் நின்றது, காக்கைக்குச் சோறு வைப்பது நின்றது. தாலி அறுத்தவர்கள் மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இராத்திரிக்கு ஒரு ஆள் சோறு கூடுதலாக வடித்தார்கள், காலையில் அதில் தண்ணீர் ஊற்றினார்கள். வெள்ளூரணிச் சுவர்கள் முழுக்க வருடத்துக்கு ஒரு வயது கூடிக்கொண்டே போகிற முகங்களாயின. பேருந்து வந்து நிற்கும்போதெல்லாம் ஊர் எழுந்து வந்து இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தது. வழி கேட்க இறங்கிய வெளியூர்க்காரர்கள் அத்தனை பேர் தங்களைப் பார்ப்பதைக் கண்டு வழி கேட்காமலே ஏறிப் போனார்கள். முன்பு இறந்தவர்களுக்கு அழுதுவிட்டு வேலைக்குப் போன ஊர் அது. இப்போது யாரும் அழவில்லை. அழுவதற்கு யாரும் சாகவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள், காத்திருப்பதற்கு முடிவே இல்லாமல்.

அவர் ஒவ்வொரு சாயங்காலமும் கணினியிடம் கேட்டார். பழையபடி நிற்கட்டும் என்றார். எடுத்துவிடு என்றார். கெஞ்சினார். அது எதையும் எடுக்கவில்லை. சேர்க்கத்தான் அதற்குத் தெரிந்தது. கேட்டதைச் சேர்த்துச் சேர்த்துப் பழகியதற்கு, எடுப்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஒரு நாள் எல்லாம் சேமித்து வைக்கும் அதன் வட்டையே கழற்றி ஊரணியில் போட்டார். அதற்குள் யாரோ அந்தப் பட்டியலைக் குறுந்தகட்டில் எடுத்திருக்க, அது கைமாறிச் சந்து முழுக்கப் போயிருந்தது. கிரேஸின் கணினியிலும் அதே பட்டியல், அதே கோடு.

சீனியம்மாள் ஒரு மாசியில், குச்சி அடுக்கிக்கொண்டிருந்த இடத்தில் சாய்ந்தாள். ஊர் அவளைத் தூக்கிப் போய் எரித்துவிட்டு, வழியிலேயே தங்கப்பழத்தின் கடைக்கு வந்து அவள் படத்தைக் கொடுத்தது. காணாமல் போன அன்று விரல்நுனிகளில் சிவப்பு இருந்தது என்று அவரே சேர்த்துக்கொண்டார். மூன்று பேரையும் ஒரே சுவரில் ஒட்டினார்கள். அன்றைக்குக் கடையைப் பூட்டியவர்தான், பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை.

நான் போயிருக்கிறேன். பேருந்து நின்றதும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு முதியவர், இசக்கியாக இருக்கலாம், கிட்டே வந்து நின்று என் நெற்றியையும் தாடையையும் பார்த்துவிட்டு, "இல்ல" என்று சொல்லித் திரும்பிப் போனார். பேருந்து நிலையங்களில் இப்படி ஆட்களைப் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அதனால் இதுவும் ஆதாரமாகாது என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவரில் மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் முகம் இருந்தது. நடுவயதை எட்டி, தெளிவாக, கன்னம் நிறைந்து, கண் அசையாமல். இன்னும் யாரோ வைகாசிதோறும் அவளை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அச்சகத்தின் பின்வாசலில், தங்கப்பழம் கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த மாதத்தோடு வேலை முடிகிறது. தழும்பு வந்த முகத்தைச் சொன்னவர், கன்னம் ஒட்டிய முகத்தைச் சொன்னவர், கறுத்த முகத்தையும் மூக்குத்தி வந்த முகத்தையும் சொன்னவர், ஒன்றை மட்டும் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. அதைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். பெற்றவள்கூடப் பார்க்கவில்லை. கேட்டால் நான் நம்பவேண்டியிருக்கும் என்பதால்தான் கேட்காமல் இருந்தேனோ என்று எனக்குத் தோன்றியது. குழாயை மூடிவிட்டு அவர் திரும்பியபோது கேட்டேன்:

"அண்ணாச்சி, அன்னைக்கு மத்தியானம், கோடு நின்ன எடத்துல, செண்பகத்தோட முகம் எப்படி இருந்தது?"